ஒரு கைக்காப்புக்காக ஐந்து நாள்

முதல் நாள், புதன்: தருமபுரி

தொப்பூர் கணவாய் ஏறும்வரை வில்லைக் கால்களுக்கு நடுவே சாய்த்துப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஐந்தரை அடி நீளம். சேலத்திலிருந்து வரும் காலை பஸ்ஸில் அதற்கென்று ஏது இடம்? டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர், "கொடிக்கம்பாம்மா?" என்றார். "வில்லுங்க" என்றேன். "அம்பு விடுற வில்லா?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிட்டு, அவரே அதை வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியில் தன் துண்டால் கட்டி வைத்தார். தருமபுரியில் இறங்கும்போது பத்திரமாக அவிழ்த்துக் கொடுத்தார்.

வில்லோடு ஒரு துணிப்பை. அதற்குள் வாணியம்பாடியில் வாங்கிய தோல் ஒரு துண்டு, மூன்று மில்லிமீட்டர் கனம், மரப்பட்டையில் பதனிட்டது. கூடவே நூல்கண்டு, தேன்மெழுகு, ஆறு அம்பு.

நான்கு வருடமாக வீட்டில் தோல் வேலை செய்கிறேன். பர்ஸ், பெல்ட், கத்தி உறை என்று ஆரம்பித்தது. போன வருடம் மூங்கிலில் வில் செய்யக் கற்றுக்கொண்டேன். முதல் இரண்டும் கணுவில் விரிந்து போயின. மூன்றாவதுதான் இது. 26 அங்குலம் இழுத்தால் தொங்குதராசில் 28 பவுண்டு காட்டுகிறது. அம்பை விட்டதும் நாண் திரும்பி வந்து இடது முன்கையில் அறைகிறது. பழகியவர்களுக்கு அது அவ்வளவாக நடக்காது, எனக்கு நடக்கிறது. மணிக்கட்டுக்கு மேலே நீலமாகக் கன்றிப்போன இடம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அதற்குத்தான் கைக்காப்பு. பிளாஸ்டிக்கில் கடையில் கிடைக்கும்தான். ஆனால் இதற்கு வேண்டிய ஊசி, கத்தி, தையல், நாண் எல்லாவற்றையும் செய்யத் தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஐந்து நாள் லீவு போட்டேன்.

முதலில் போனது தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கமெல்லாம் நடுகல் நிறைந்த மண். பல்லவர் காலத்திலிருந்தே கிடைக்கின்றன. வட்டெழுத்தில் இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னார் தொறு மீட்டுப் பட்டான் என்று சுருக்கமாக எழுதியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்குக் கல். ஊர்ப்பக்கம் இந்தக் கற்களை வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். அந்தப் பெயர் வைத்த ஆட்களை இந்த வட்டாரத்தில் எங்கும் பார்க்கலாம்.

ஒரு கல் முன்னால் வெகுநேரம் நின்றேன். வீரன் இடது கையில் வில், வலது கையில் குறுவாள். முன்கால் மடங்கிப் பாய்கிற நிலை. உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. நான் கூர்ந்து பார்த்தது அவனுடைய இடது முன்கையை. மணிக்கட்டில் வளை மாதிரி ஒரு கோடு. அணியா, நாண் அடிக்காமல் காக்கிற காப்பா என்று சொல்ல முடியாதபடி கல் தேய்ந்திருந்தது. அவன் பெயர் கல்லில் இருக்கிறது, அரசன் பெயர் இருக்கிறது. அந்த நாணைத் திரித்தது யார்? குறுவாளை அடித்தது யார்? அதன் உறையைத் தைத்தது யார்? கையில் வில் செய்து பார்த்த பிறகு எனக்கு இந்தக் கேள்விதான் முதலில் வருகிறது. ஒரு வில் பிடிப்பதற்குப் பின்னால் குறைந்தது நாலு பேர் வேலை இருக்கிறது.

இரண்டாம் நாள், வியாழன்: பென்னாகரம் சாலை

தோழி ஒருத்தியின் குடும்பத்துக்கு இங்கே நிலம் இருக்கிறது. அவள் சொல்லித்தான் இந்தக் கொல்லரைத் தெரியும். புங்கமரத்தடியில் தகரக் கூரை, மூன்று பக்கம் மண்சுவர். கதிர் அரிவாள், களைக்கொத்து, கொடுவாள், மண்வெட்டி எல்லாம் கூர் போட வந்து கிடந்தன. வயது எழுபதை நெருங்கும். வில்லைப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி, "முயல் அடிக்கவா கண்ணு?"

"இல்லீங்க ஐயா, வைக்கோல் கட்டுமேல அடிக்கத்தான்."

"அதான் நல்லது. முயலடிச்சா ஃபாரஸ்டுக்காரன் சும்மா விடமாட்டான்."

1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டை குற்றம். அது அப்படியே இருக்கட்டும். எனக்கு உயிரைக் குறிவைக்கிற ஆசை ஒருபோதும் வந்ததில்லை.

நான் கேட்டது தோல் குத்தும் ஊசி. உருண்டையாக இருந்தால் தோலில் ஓட்டை அப்படியே நின்றுவிடும். வைரக்கட்டம் மாதிரி நாலு பட்டையாக இருந்தால் தோலில் சின்னக் கீறலாக இறங்கும், நூல் போனபின் துளை நூலை இறுக்கிப் பிடிக்கும். படம் வரைந்து காட்டினேன். அவர் ஒரு பழைய முக்கோண அரத்தை எடுத்தார். ரம்பத்துக்குக் கூர் வைக்கிற அரம். அரத்து இரும்பில் கரி அதிகம், லாரியின் ஸ்பிரிங் பட்டையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கூர் நிற்கும், அதே காரணத்தால் ஒடியவும் செய்யும்.

உலைக்கு மேலே சாக்கு தொங்கவிட்டிருந்தார். வெயில் உள்ளே விழக்கூடாது. இரும்பின் நிறத்தைப் பார்ப்பதற்கு இருட்டு வேண்டும். காற்றுக்கு இப்போது மின்சார ஊதி. பழைய துருத்தி சுவரில் தொங்கியது, முழு ஆட்டுத்தோலில் செய்தது. எண்ணெய் காட்டாததால் மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. "எங்கப்பா காலத்துல இதை மிதிச்சு மிதிச்சுத்தான் என் கால் வளர்ந்துச்சு" என்றார். கொல்லனுக்குத் தோல்காரன் தயவு இல்லாமல் நெருப்பே இல்லை என்பதை அந்தத் துருத்தியைத் தொட்டுப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

ஆரஞ்சு நிறம் வந்ததும் அரத்தின் நுனியை எடுத்துப் பட்டடைக்கல்லில் வைத்து இழுத்தார். இழுப்பது என்றால் சுத்தியால் மெல்லமெல்லத் தட்டி நீளவிடுவது. நாலு அடிக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்புகிறார். சிவப்பு மங்கியதும் அடியை நிறுத்திவிடுகிறார். ஆறிய பிறகு அடித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே விழும் என்றார். வடிவம் வந்ததும் மறுபடி காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டார். மெதுவாக ஆறினால்தான் அரம் போட்டுத் தேய்க்கிற அளவுக்கு இரும்பு இளகும்.

அவருடைய வீட்டு அக்கா ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்தார். களியில் குழி பண்ணிக் கடைசலை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நான் ஒரு மணி நேரம் தேய்த்தேன். நாலு பட்டையும் சமமாக வருவது சுலபமில்லை. ஒரு பட்டை பெரிதானால் ஊசி ஒருபக்கமாக இழுக்கும்.

அப்புறம் தோய்ச்சல், அதாவது காய்ந்த இரும்பைச் சட்டென்று ஆறவைத்துக் கடினமாக்குவது. இதற்குத்தான் நான் வந்தேன். செம்பருத்திப் பூ நிறம் வந்ததும் நுனியை நேராக எண்ணெய்க்குள் விட்டார், சாய்க்கவில்லை. சாய்த்தால் வளையும். வெளியே எடுத்தபோது கண்ணாடி மாதிரிக் கடினமாக இருந்தது. அந்த நிலையில் ஊசி உபயோகப்படாது. மேல்கருப்பைத் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு, அடிப்பக்கத்தை மட்டும் நெருப்புக்குக் காட்டினார். சூடு மெல்ல நுனியை நோக்கி ஊர்ந்து வர, இரும்பின்மேல் நிறம் மாறிக்கொண்டே வந்தது. முதலில் வெளிர் மஞ்சள், அப்புறம் வைக்கோல், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம். நுனிக்கு வைக்கோல் நிறம் வந்த கணத்தில் தண்ணீரில் போட்டார். நுனி வைக்கோல், பிடிக்குள் போகிற வால் நீலம். கூர் கடினமாக, வால் வளைந்து கொடுக்கிறதாக. இருநூற்றுச் சொச்சம் டிகிரியில் நடக்கிற சமாசாரம் இது. அவரிடம் இருந்த வெப்பமானி அவருடைய கண்தான்.

இரண்டாவது ஊசியை என்னையே செய்யச் சொன்னார். நிறம் ஓடுவது இவ்வளவு வேகம் என்று பார்க்கும்போது தெரியவில்லை. பயந்து, மஞ்சள் வருமுன்பே தண்ணீரில் போட்டுவிட்டேன். பலகையில் குத்திப் பார்த்ததும் நுனி ஒடிந்தது. ஒடிந்த முகத்தைக் காட்டினார், உப்புக்கல் மாதிரி மணிமணியாக மின்னியது. "பதம் வரல. அவசரப்பட்டுட்ட" என்றார், அவ்வளவுதான். மூன்றாவது சரியாக வந்தது. பிடிக்குப் புளியங்கட்டை. பழைய மரமில் ரம்பத்தகட்டில் பிறை வடிவத்தில் தோல் வெட்டும் கத்தி ஒன்றும் அடித்துத் தந்தார். கத்தியின் கழுத்தில் மூன்று சிறு புள்ளி குத்தினார். அவருடைய அரிவாள் எல்லாவற்றிலும் அந்தப் புள்ளி இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுச் சுவரில் தொங்கினாலும் தன் அரிவாள் எது என்று தெரியும் என்றார்.

தருமபுரிதான் பழைய தகடூர், அதியமானின் ஊர். அவனுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்துவிட்டுச் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது: இங்கே எல்லாம் நெய் பூசி மாலை போட்டு அழகாக இருக்கின்றன, எங்களுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. வேலை செய்கிற கருவி பட்டறையில்தான் கிடக்கும். கூர் போட வந்து குவிந்திருந்த அந்த அரிவாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாட்டு எனக்கு இன்னொரு மாதிரி கேட்டது.

மூன்றாம் நாள், வெள்ளி: காவேரிப்பட்டினம்

மாசி மாதம். ரோட்டோரம் மாந்தோப்பு முழுக்கப் பூ. தென்பெண்ணையை ஒட்டிய இந்த ஊர்ப்பக்கத்தில் ஒருவர் எருதுகளுக்குச் சலங்கைப் பட்டை தைக்கிறார். எருது விடும் விழா நடக்கிற காலம் இது, அவருக்குக் கை ஓயாத வேலை. முன்கூட்டியே போனில் கேட்டபோது, "வாம்மா, ஆனா பேச நேரமிருக்காது, கூட உக்காந்து தை" என்றார். எனக்கு அதைவிட என்ன வேண்டும்!

என் தோலை வாங்கி முதலில் வெட்டுமுகத்தைப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. குரோமில் பதனிட்டதாக இருந்தால் நடுவில் நீலச் சாம்பல் தெரியும். பிறகு ஒரு சொட்டு எச்சில் தொட்டு வைத்தார். உடனே கருத்து உறிஞ்சியது. "பட்டைத்தோல்தான். நல்லா இருக்கு" என்றார். குரோம் தோல் மிருதுவாக இருக்கும், சீக்கிரம் தயாராகும். ஆனால் ஈரத்தில் வடிவம் பிடித்து அப்படியே நிற்பது பட்டைத்தோல்தான். கைக்கு ஏற்றமாதிரி வளைய வேண்டிய கைக்காப்புக்கு அதுதான் வேண்டும்.

அவருடைய அப்பா வீட்டுக்குப் பின்னால் குழி போட்டுத் தோல் பதனிட்டவர். முதலில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு முடியை வழிப்பது, உள்பக்கச் சதையைச் சீவுவது, சுண்ணாம்பு போகக் கழுவுவது, அப்புறம் ஆவாரம்பட்டைத் தண்ணீர். முதலில் நீர்த்த தண்ணீர், நாளாக நாளாகக் கெட்டியான தண்ணீர். எடுத்த எடுப்பில் கெட்டியில் போட்டால் மேல்புறம் மட்டும் இறுகி உள்ளே பச்சையாக நின்றுவிடும். கடைசியில் கடுக்காய். ஆவாரம் மட்டும் போட்ட தோல் வெயிலில் சிவந்துபோகும், கடுக்காய் அதைத் தடுக்கும். வாரக்கணக்கில் ஆகிற வேலை. தென்னிந்தியத் தோல் கப்பலேறிப் பேர் வாங்கியது இந்த ஆவாரம் பதனீட்டில்தான். சாலையோரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அதே ஆவாரம்! காலையில் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே வந்த செடி.

"இப்ப நீங்க பதனிடறது இல்லீங்களா தாத்தா?"

"இல்ல. வாணியம்பாடியில வாங்கிக்கறேன்." கொஞ்ச நேரம் தைத்துக்கொண்டே இருந்தார். "இதை நீ ஆசைக்குச் செய்யற. பாத்தா சந்தோஷமா இருக்கு. எங்கப்பாவுக்கு இதே வேலைக்காக டீக்கடையில தனி டம்ளர் வெச்சாங்கம்மா. குழி நாத்தம்னு ஊருக்குள்ளயே விடல. அவர் தெச்ச பட்டையை மாட்டுக்குக் கட்டி ஆரத்தி எடுப்பாங்க, அவரைத் தள்ளி நிக்கச் சொல்லுவாங்க. அதான் நான் குழியை மூடிட்டேன்."

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. நான்கு வருடமாக இந்த வேலையை நான் ரசித்து ரசித்துச் செய்திருக்கிறேன். தோல் வாசம் பிடிக்கும் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்த வாசத்துக்காகத் தள்ளி நிறுத்தப்பட்டவரின் மகன் எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இதை எழுதாமல் வெறும் செய்முறையை மட்டும் எழுதினால் அது பாதிப் பொய் ஆகிவிடும்.

வேலைக்கு வருகிறேன். தோலைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருவது நிற்கும்வரை வைத்தோம். துடைத்து என் முன்கையில் சுற்றி, துணியால் கட்டிவிட்டு, அரைமணி நேரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னார். கழற்றி நிழலில் காயவைத்தபின் அது என் கை வடிவத்திலேயே நின்றது. வெயிலில் காயவைத்தால் சுருங்கி அப்பளம் மாதிரி ஆகும்.

உள்ளே மெல்லிய ஆட்டுத்தோல் கொடுத்து ஓரம் முழுக்கத் தைக்க வேண்டும். சுற்றளவு 60 சென்டிமீட்டர். தையலின் நீளத்துக்கு நான்கு மடங்கு நூல் என்பது கணக்கு, ஆகவே 240. ஒரே நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போக வேண்டும். மிஷின் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கத்து நூல் பிடித்துக்கொள்ளும். நாலு மில்லிமீட்டருக்கு ஒரு துளை, மொத்தம் 150. நேற்று அடித்த ஊசி முதல் துளையில் இறங்கியபோது கை நடுங்கியது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

எனக்குத் தெரிந்தது என்று நினைத்த தையலில் இரண்டு தவறு கண்டுபிடித்தார். குத்தூசியைக் கீழே வைத்து வைத்து எடுத்தேன். அவர் அதைக் கையிலிருந்து இறக்குவதே இல்லை. மூன்று விரலில் குத்தூசியும் இரண்டு விரலில் தையலூசியும் இருக்கிறது. அப்புறம், இரண்டாவது ஊசி எப்போதும் முதல் நூலுக்கு ஒரே பக்கமாகப் போக வேண்டும், ஒரு துளையில் மேலே ஒரு துளையில் கீழே என்று போனால் தையல் சாய்வு மாறிவிடும். என் பழைய பர்ஸ்களில் தையல் ஏன் கோணலாக இருக்கிறது என்று இன்றுதான் புரிந்தது. பாதியில் வாங்கிப் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொன்னார், தைத்தேன்.

கருப்புச் சாயம் அவருடைய சொந்தச் சரக்கு. மண்பானையில் துருப்பிடித்த ஆணி, லாடத்துண்டு, வெல்லம், தண்ணீர். மூன்று நான்கு வாரம் புளித்த தண்ணீரைப் பட்டைத்தோலில் தடவினால் நம் கண்ணெதிரே கருக்கிறது. தோலில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து உண்டாகிற கருப்பு, கடுக்காய் மையும் இதே வித்தைதான். மேலே பூசிய சாயம் இல்லை, தோலே கருப்பாக மாறுவது. அதனால் உரிந்து வராது. கழுவி, காய்ந்ததும் லேசாக எண்ணெய் காட்டி, ஓரத்தைத் தண்ணீர் தொட்டுப் புளியங்கட்டையால் தேய்த்தோம். ஓரம் கண்ணாடி மாதிரி வந்தது.

கடைசிப் பத்துத் தையலை அவரிடம் கொடுத்தேன். வழக்கமாக முடிவில் இரண்டு தையல் பின்னோக்கிப் போட்டு நூலை வெட்டுவார்கள். அவர் மூன்று போட்டார். ஏன் என்றேன்.

"எங்கப்பா மூணு போடுவாரு. எங்க தையல் எதுன்னு எங்களுக்குத் தெரியும்."

நான்காம் நாள், சனி: மயிலாடும்பாறை, பிறகு மருள்

காலையில் பர்கூர் பக்கம் மயிலாடும்பாறைக்குப் போய்வந்தேன். இங்கே கிடைத்த இரும்புக் காலத் தடயத்துக்குக் கி.மு. 2172 என்று காலக்கணிப்பு வந்ததை 2022இல் அறிவித்தார்கள். 2025இல் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அதையும் தாண்டி கி.மு. நான்காம் ஆயிரமாண்டுக்குப் போய்விட்டது. பாறையும் வெயிலும் ஈமச்சின்னக் கல்வட்டமும்தான் அங்கே. ஆனால் நேற்றுமுன்தினம் உலைக்கு முன்னால் நின்றிருந்த ஆளுக்கு அந்த வெறும் குன்றும் போதுமானதாக இருந்தது.

மதியத்துக்கு மேல் தோழியின் அம்மாச்சி வீடு, போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில். வரப்போரம் மருள் புதராக நிற்கிறது. நகரத்தில் தொட்டியில் வைக்கிறோமே பாம்புக் கற்றாழை, அதன் காட்டு உறவு. சங்கப் பாட்டுகளில் மரல் என்று வருவது இதுதான். வடமொழியில் இதற்கு மூர்வை, அதில் செய்த நாணுக்கு மௌர்வி. ஆங்கிலத்திலும் இதற்கு வில்நாண் சணல் என்ற அர்த்தத்தில்தான் பெயர். ஒரு செடிக்கு இரண்டு மொழியில் வில் நினைவு ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

அம்மாச்சிக்கு வில்லைப் பற்றித் தெரியாது, நாரைப் பற்றித் தெரியும். கன்றுக்குட்டிக்குக் கயிறு திரித்தவர். இலையைப் பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் அழுத்தி வழித்தால் பச்சை கழன்று வெள்ளை நார் நிற்கிறது. கூர்க்கத்தி என்றால் நாரை வெட்டிவிடும். கழுவி, நிழலில் உலர்த்தி, தொடையில் வைத்துத் திரித்தோம். ஒவ்வொரு புரியையும் ஒரு திசையில் முறுக்கி, புரிகளைச் சேர்க்கும்போது எதிர்த்திசையில் முறுக்க வேண்டும். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் கயிறு பிரியாமல் நிற்கிறது. நார் தீரும் இடத்தில் புது நார் சேர்ப்பதில் ஒரு கவனம் வேண்டும், இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் ஒட்டுப்போடக்கூடாது. "ஒட்டுக்கு ஒட்டு எதுத்தாப்புல வரக்கூடாது பாப்பா, அங்கதான் அறும்" என்றார் அம்மாச்சி. என் தொடை சிவந்துபோய்விட்டது. ஐந்தரை அடி வில்லுக்கு ஐந்தேகால் அடி நாண், இரண்டு முனையிலும் கண்ணி, முழுக்கத் தேன்மெழுகு. பொழுது சாயும்போது முடிந்தது.

வில்லின் இழுவையைப்போல் நான்கைந்து மடங்கு நாண் தாங்க வேண்டும். 28 பவுண்டுக்கு ஐந்து மடங்கு சுமார் 64 கிலோ. என் எடை 58. புளியமரக் கிளையில் நாணைப் போட்டு, கீழே குச்சி கட்டி முழு எடையோடும் தொங்கினேன். அம்மாச்சி கீழே கையை விரித்துக்கொண்டு நின்றார். அறவில்லை.

ஐந்தாம் நாள், ஞாயிறு: போச்சம்பள்ளி

ஞாயிறு என்றால் போச்சம்பள்ளிச் சந்தை. ஆடு, கோழி, தானியம், புளி, கயிறு, அரிவாள் என்று வெயில் ஏறுமுன்பே நெரிசல். கயிற்றுக் கடையில் எல்லாம் நைலான். வான்கோழி விற்கிறவரிடம் கூண்டடியில் உதிர்ந்த இறக்கைச் சிறகு கேட்டேன், காசு வாங்காமல் ஒரு கை அள்ளித் தந்தார். வலது இறக்கைச் சிறகையும் இடது இறக்கைச் சிறகையும் தனித்தனியாகப் பிரித்துக் கட்டிக்கொண்டேன். ஒரு அம்புக்கு மூன்று சிறகும் ஒரே பக்கத்து இறக்கையிலிருந்து வர வேண்டும், வளைவு மாறினால் அம்பு தடுமாறும். அடுத்த மாதத்துக்கு ஆகும்.

தோப்பில் வரப்புக்கு முன்னால் வைக்கோல் கட்டு வைத்தோம். நாண் ஏற்றியதும் முதல் ஆறு அம்பிலேயே நாண் தளர்ந்தது. புது நார் நீளத்தான் செய்யும். கழற்றி இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பூட்டினேன். வில்லின் பிடியிலிருந்து நாண்வரை மூடிய கையில் கட்டைவிரலை நீட்டிய உயரம் இருக்க வேண்டும். மூன்றாவது முறைதான் அந்த அளவில் நின்றது. இருபது அடியிலிருந்து 36 அம்பு விட்டேன். மருள் நாண் விடுபடும்போது நைலான்போல் கீச்சென்று கத்துவதில்லை. தாழ்ந்த குரலில், மாடு செருமுகிற மாதிரி ஒரு ஓசை. ஒவ்வொரு முறையும் நாண் கைக்காப்பில் தட்டுவது கேட்டது, கையில் உறைக்கவில்லை. கருப்புத்தோலில் மெல்லிய கோடு ஒன்று விழுந்திருந்தது.

சேலம் போகும் வழியில் காவேரிப்பட்டினத்தில் இறங்கி அந்தக் கோட்டைத் தாத்தாவிடம் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கோடு ஓரத்துக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது, காப்பை இரண்டு விரல் கீழே இறக்கிக் கட்டு என்றார். அப்புறம் வில்லைக் கையில் வாங்கினார். "ஒரு தடவை இழுத்துப் பாக்கட்டுமா?"

அம்பில்லாமல் நாணை விட்டுவிடக்கூடாது, வில் உடைந்துபோகும், மெதுவாகத் திருப்பி விடுங்கள் என்றேன். தலையசைத்தார். தைத்துத் தைத்து இறுகிய தோள், சுலபமாக இழுத்தார். கொஞ்சம் நிறுத்தி, மெல்ல மெல்ல இறக்கினார். பிறகு நாணை விரலிடுக்கில் உருட்டினார்.

"நாண் யாரு திரிச்சது?"

சொன்னேன்.

"ஊசி அடிச்சது?"

பென்னாகரம் சாலையில் பட்டறை, மூன்று புள்ளி என்றேன். அந்த அரிவாள் தன் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். கழுத்தில் மூன்று புள்ளி.

"மூங்கிலு?"

பஸ் வந்துவிட்டது. மூங்கில் மண்டி எங்கே என்று ஜன்னல் வழியாகத்தான் சொல்ல முடிந்தது.